சுவரில் ஏறும் உடலுக்கு எவ்வளவு சோறு வேண்டும்?

2024 ஆகஸ்ட் 7-ஆம் தேதி காலை. பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் 50 கிலோ மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன் எடை பார்த்தபோது வினேஷ் போகட் 100 கிராம் கூடுதலாக இருந்தார். முந்தைய இரவு முழுக்கத் தூங்காமல் உடற்பயிற்சி செய்தார், வியர்த்தார், தலைமுடியைக்கூட வெட்டிக்கொண்டார். அந்த 100 கிராம் மட்டும் இறங்கவில்லை. கைக்கு வந்துவிட்ட பதக்கம் போயிற்று. அன்று இந்தியா முழுக்க எடையைப் பற்றித்தான் பேச்சு.

மூன்று நாள் கழித்து, அதே ஒலிம்பிக்கில், பாரிஸின் வடகிழக்கே லெ பூர்ஜேயில் எழுப்பியிருந்த சுவரில் ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட் தன் இரண்டாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். ராக் கிளைம்பிங்கில் எடைப்பிரிவு கிடையாது. எடை கூடிவிட்டது என்று சொல்லி யாரையும் வெளியே அனுப்புவதில்லை. அப்படிப்பட்ட விளையாட்டில் எடை பற்றிய பயம் பல ஆண்டுகளாக ஊறிக் கிடக்கிறது. அந்தப் பயத்தை வெளிப்படையாகப் பேசியவர்களில் கார்ன்பிரெட்டும் ஒருவர்.

பயத்துக்குக் காரணம் எளிமையானது. பாறையிலோ செயற்கைச் சுவரிலோ ஏறுகிறவர் தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு போகிறார். கடினமான வழிகளில் விரல் நுனி மட்டும் பதிகிற விளிம்பில் முழு உடலும் தொங்க வேண்டியிருக்கும். 60 கிலோ இருப்பவர் 57 ஆனால், விரல்கள் தாங்க வேண்டிய பாரம் 5 சதவீதம் குறைகிறது. அதே 5 சதவீத வலுவை விரல்களில் சேர்க்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். தசைநார்கள் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும், அவசரப்பட்டால் அறுந்துபோகும். சாப்பாட்டைக் குறைப்பதற்கோ பயிற்சியும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் தராசு இறங்கிவிடும்.

இதைப் பொய்க் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. எடை குறைந்தவர் முதல் சில வாரங்கள் உண்மையாகவே நன்றாக ஏறுவார். போன மாதம் எட்டாத பிடி இந்த மாதம் எட்டும். பயிற்சியாளர் பாராட்டுவார், நண்பர்கள் ரகசியம் கேட்பார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பலன் உடனே வருகிறது, பாதிப்பு மெல்ல வருகிறது. பட்டினி முதல் நாளே தண்டித்திருந்தால் ஒருவரும் அதைத் தொடர்ந்திருக்க மாட்டார்கள்.

முதலில் குறைவது எது என்று பார்க்க வேண்டும். நாம் உண்ணும் மாவுச்சத்தை உடல் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது. வளர்ந்த ஒருவரிடம் சுமார் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லாம் சேர்த்தால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. சோற்றையும் இட்லியையும் அடியோடு நிறுத்தியவர் முதல் வாரத்தில் பெருமையாகச் சொல்லும் இரண்டு கிலோ பெரும்பாலும் இதுதான். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. போனது எரிபொருள். நான்கைந்து அசைவில் முடிகிற போல்டரிங்கில் எப்படியோ சமாளிக்கலாம். ஆறு நிமிடம் வரை தொங்க வேண்டிய லீட் ஏற்றத்தில் பாதி வழியிலேயே முன்னங்கை கல்லாக இறுகி, விரல் தானாகத் திறந்துவிடும்.

அடுத்து நடப்பது கண்ணுக்குத் தெரியாது. விளையாட்டு மருத்துவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் உண்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவானதைக் கழித்து, மீதியைக் கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 45 கலோரி கிடைத்தால் உடல் தன் வேலைகளை எல்லாம் ஒழுங்காகப் பார்க்கும். 30-க்குக் கீழே போனால் எதை நிறுத்தலாம் என்று பார்க்கத் தொடங்கும். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்குக் கொழுப்பு நீங்கலாக 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியில் 500 கலோரி செலவாகிறது. டயட் சீட்டில் பலருக்கும் எழுதித் தரப்படும் 1,500 கலோரியை அவர் சாப்பிட்டால் கிலோவுக்கு மிஞ்சுவது 22. அவர் சோம்பேறி இல்லை, ஏமாற்றவும் இல்லை, சீட்டில் எழுதியிருந்ததை ஒழுங்காகப் பின்பற்றினார். அந்த ஒழுங்கே அவர் உடம்பை முடக்குகிறது.

முதலில் நிற்பது இனப்பெருக்கத்துக்கான ஹார்மோன்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆன் லவுக்ஸ் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் குறைத்த ஐந்தே நாளில் இளம்பெண்களின் ஹார்மோன் சுரப்பு தடுமாறியது. அந்தத் தடுமாற்றம் தொடங்கிய எல்லையும் ஏறத்தாழ 30 கலோரிதான். மாதவிடாய் நிற்கிறது. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. பின்னாலேயே எலும்பு மெலிகிறது, காயங்கள் ஆறத் தாமதமாகிறது, தூக்கமும் மனநிலையும் கெடுகின்றன. பெண்களுக்கு மட்டுமே உரிய சிக்கலாக நெடுநாள் பேசப்பட்ட இதை, ஆண்களையும் சேர்த்து ‘ரெட்-எஸ்’ என்ற பெயரில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் அறிவித்தது. எலும்பின் பெரும்பகுதி பதின்வயதில்தான் உறுதிப்படுகிறது. அந்த வயதில் தவறவிட்டதைப் பிறகு முழுதாக ஈடுகட்ட முடியாமல் போகலாம். பதினைந்து வயதில் பட்டினி கிடந்து ஒரு பதக்கம் வாங்குவது, விதைநெல்லைக் குத்திச் சமைத்து ஒரு வேளை வயிறார உண்பது போன்றது.

மனதுக்கு என்ன ஆகும் என்பதற்கும் பழைய சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்தார். அவர்கள் எடையில் கால்வாசி போயிற்று. வலுவும் போயிற்று. அதைவிட முக்கியம், சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் அவர்களால் நினைக்க முடியவில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள். பட்டினிப் பரிசோதனையில் கொடுத்த அளவும் இன்றைய டயட் சீட்டின் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே என்பது அச்சமூட்டுகிற செய்தி. பயிற்சி முடிந்து வீடு திரும்பும் இளைஞனோ பெண்ணோ தட்டில் இருக்கும் ஒவ்வொரு பருக்கைக்கும் கணக்குப் பார்க்கத் தொடங்கினால், அதை மன உறுதி என்று பாராட்டக் கூடாது. அது பசித்த மூளையின் தவிப்பாகவும் இருக்கலாம்.

கிளைம்பிங்கில் இந்தப் பாதிப்பு எவ்வளவு பரவலானது? உலக அளவில் போட்டியிடும் 114 கிளைம்பிங் வீராங்கனைகளிடம் விசாரித்து 2022-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 16 சதவீதம் பேருக்கு மாதவிடாய் நின்றுபோயிருந்தது. ஆறு பேரில் ஒருவர்.

அமெரிக்க கிளைம்பிங் வீரர் கை லைட்னர் சிறுவயதிலேயே தேசிய அளவில் வென்றவர். பதின்வயதில் மளமளவென்று வளர்ந்து ஆறடியைத் தாண்டினார். உயரத்தோடு எடையும் ஏறுவது இயற்கை. ஏறிய எடை அவருக்குக் குற்றமாகத் தெரிந்தது. உணவுக் கோளாறோடு தான் போராடியதை 2020-இல் வெளியே சொன்னார். ஆண்களுக்கும் இது வரும் என்பதை அது காட்டியது. பிரிட்டனின் மீனா லெஸ்லி-வுயாஸ்டிக் தனக்கு ரெட்-எஸ் இருந்ததையும், உணவைக் கூட்டி எடை ஏற விட்டு உடம்பை மீட்டதையும் எழுதினார். அமெரிக்காவின் யோசெமிட்டிப் பாறைகளில் வரலாறு படைத்த பெத் ராடன், குறைவாகச் சாப்பிட்ட ஆண்டுகளைப் பற்றியும் அடுத்தடுத்து வந்த காயங்களைப் பற்றியும் பேசினார். கரோலின் ட்ரெட்வே எடுத்த ‘லைட்’ என்ற ஆவணப்படம் 2021-இல் இப்படிப்பட்ட குரல்களை ஒன்றாகச் சேர்த்தது. பேசியவர்கள் எல்லாரும் அந்தத் துறையின் உச்சியில் இருந்தவர்கள். அவர்களே வருடக்கணக்கில் வாய் திறக்கத் தயங்கினார்கள் என்றால், உள்ளூர்ப் போட்டியில் கலந்துகொள்ளும் பள்ளி மாணவி யாரிடம் போய்ச் சொல்வாள்?

மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியின் ஃபோல்கர் ஷோஃபில் கிளைம்பிங் காயங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். சர்வதேச கிளைம்பிங் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவில் இருந்துகொண்டு, மிகவும் மெலிந்த வீரர்களைப் போட்டியில் ஏற விடாதீர்கள் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தினார். கேட்பார் இல்லை. 2023-இல் அவரும் குழுத் தலைவர் ஓய்கன் புர்ட்ஷரும் பதவி விலகினார்கள். அதே ஆண்டில்தான் கார்ன்பிரெட், அடுத்த தலைமுறையை எலும்புக்கூடுகளாக வளர்க்கப் போகிறோமா என்ற பொருளில் பகிரங்கமாகக் கேட்டார். தங்கம் வென்றவர் கேட்டதால் காதில் விழுந்தது. 2024-இல் கூட்டமைப்பு புதிய விதிகளை அறிவித்து, வீரர்களின் உடல்நிலைக்கு அந்தந்த நாட்டுச் சங்கங்களைப் பொறுப்பாக்கியது.

இது போதுமா என்பது வேறு விஷயம். ஸ்கீ ஜம்பிங்கில் இதைவிடத் துணிந்து செய்தார்கள். எடை குறைந்தால் காற்றில் தூரம் போகலாம் என்று வீரர்கள் மெலிந்துகொண்டே போனபோது, 2004-இல் விதியை மாற்றினார்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவருக்கு ஸ்கீயின் நீளம் குறையும், பறக்கும் தூரமும் குறையும். பட்டினியால் கிடைக்கும் லாபத்தை விதியே பிடுங்கிக்கொண்டது. கிளைம்பிங்கில் குறைக்க ஸ்கீ இல்லை. மருத்துவச் சோதனையும், தேவைப்பட்டால் போட்டிக்கு அனுமதி மறுப்பதும்தான் வழி. அது வீரரின் உரிமையைப் பறிப்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தலையில் அடிபட்ட குத்துச்சண்டை வீரரை மேடையிலிருந்து இறக்குவதை யாரும் உரிமைப் பறிப்பு என்று சொல்வதில்லை. மெலிந்து சிதைபவரைத் தடுப்பதும் அதே கடமைதான்.

மெலிந்தால்தான் ஏற முடியும் என்ற நம்பிக்கைக்கு ஆராய்ச்சியும் ஒரு வகையில் காரணம். 1989-இல் நடந்த சர்வதேசப் போட்டியில் அரையிறுதி வரை வந்த 39 பேரை அளந்து 1993-இல் வெளியிட்ட கட்டுரையில், ஆண்களின் உடல் கொழுப்பு ஏறத்தாழ 5 சதவீதம், பெண்களுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் என்று இருந்தது. யார் எப்படி இருக்கிறார்கள் என்று எழுதியதை, எல்லாரும் எப்படி இருக்க வேண்டும் என்று படித்தவர்கள் அதிகம். 2000-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு 44 பேரைப் பார்த்தது. ஏறும் திறனில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 59 சதவீதத்தைப் பயிற்சியால் மாற்றக்கூடியவை விளக்கின. உயரம், கை நீளம் போன்ற உடலமைப்பின் பங்கு அரை சதவீதம்கூட இல்லை.

வரலாறும் அதைத்தான் காட்டுகிறது. 1993-இல் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையிலுள்ள ‘நோஸ்’ வழியைக் கருவிகளைப் பிடித்துத் தொங்காமல் முதன்முதலில் ஏறிய லின் ஹில் 157 சென்டிமீட்டர் உயரம். 2017-இல் 9பி என்னும் கடினத் தரத்தை எட்டிய முதல் பெண்ணான ஆஸ்திரியாவின் அங்கேலா ஐட்டர் 154. அதே ஆண்டு நார்வேயில் உலகின் முதல் 9சி வழியை ஏறிய ஆடம் ஒந்த்ரா 185-க்கும் மேல். 1991-இல் ‘ஆக்‌ஷன் டிரெக்ட்’ வழியை ஏறிய வொல்ஃப்காங் குய்லிஹ் நல்ல தசைக்கட்டு உள்ளவர். அவர் தயாரானது பயிற்சியால். விரல்களைப் பலப்படுத்தவென்றே மரப்பலகையில் பட்டைகளைப் பொருத்தி ஒரு கருவியைச் செய்தார். இன்று உலகெங்கும் கிளைம்பிங் ஜிம்களில் இருக்கும் கேம்பஸ் போர்டு அதுதான்.

எடையே குறைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலி வேலையில் பத்து கிலோ ஏற்றிக்கொண்ட முப்பத்தைந்து வயதுக்காரர் அதைக் குறைத்தால் நன்றாகவே ஏறுவார், மூட்டுகளும் நன்றி சொல்லும். எவ்வளவு வேகமாக என்பதுதான் கேள்வி. நார்வேயில் 24 விளையாட்டு வீரர்களை வைத்து 2011-இல் ஓர் ஒப்பீடு வந்தது. வாரம் 0.7 சதவீதம் என்று மெதுவாகக் குறைத்தவர்களுக்குத் தசை கூடியது. இரட்டிப்பு வேகத்தில் குறைத்தவர்களுக்குக் கூடவில்லை. 70 கிலோ ஆளுக்கு அந்த மெதுவான வேகம் வாரம் அரை கிலோ. பருப்பு, முட்டை, மீன், பால் என்று புரதத்தைக் கூட்டி, பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாவுச்சத்தை விடாமல் சாப்பிட்டு, கடுமையான பயிற்சி இல்லாத மாதங்களில் மட்டும் செய்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளும். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர் இதில் இறங்கவே வேண்டாம். அவர் கூட்ட வேண்டியது விரல் வலு, கால் வைக்கும் நுட்பம், தூக்கம்.

வளரும் பிள்ளைகளுக்கு எந்த டயட்டும் வேண்டாம். பன்னிரண்டு வயதில் சுவரில் அணில் போல ஓடிய பெண் பதினான்கில் தடுமாறுவாள். உடல் வளர்கிறது, எடை கூடுகிறது, தரம் ஓராண்டு ஈராண்டு நின்றுவிடும். அந்த ஈராண்டைப் பொறுத்துக்கொள்ளத் தெரியாத பயிற்சியாளரிடம் பிள்ளையை அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பது மேல்.

சென்னையிலும் பெங்களூரிலும் இப்போது கிளைம்பிங் சுவர்கள் வந்துவிட்டன, பிள்ளைகளும் ஆசையாகப் போகிறார்கள். அங்கே பயிற்சி தருகிறவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் எடையைப் பற்றி மற்றவர் முன்னால் பேசாதீர்கள். பயிற்சி முடிந்ததும் வயிறாரச் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள். விரலிலோ காலிலோ அடிக்கடி எலும்பு வலி என்றால், மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் வரவில்லை என்றால், பதினைந்து வயதாகியும் பூப்பெய்தவில்லை என்றால், போட்டி நெருங்குகிறது என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.