பரீட்சைக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்றா?

மாலை வேளையில் பாடநூலை விரித்து வைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பு மகன் கேட்கிறான்: "அத்தா, இந்தப் பாடத்தை மெய்யென்று படிக்கவா, பரீட்சைக்கு மட்டும் படிக்கவா?" பாடத்தின் பெயர் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி புதிதன்று. வழக்கமாய் நாம் தரும் விடையும் புதிதன்று. "பரீட்சைக்கு எழுதிவிடு, மனத்தில் வைத்துக்கொள்ளாதே" என்று சொல்லிவிட்டு மஃரிபு தொழுகைக்குப் புறப்பட்டுவிடுகிறோம். மார்க்கத்தைக் காத்துவிட்டோம் என்ற நிறைவும் நமக்கு உண்டாகிறது. உண்மையில் நாம் காத்தது எதை, இழந்தது எதை என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.

இது வீட்டுக் கேள்வி மட்டுமன்று. நாட்டுக் கேள்வியும் ஆயிற்று. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் பாரம்பரியத்தையும் பரிணாமத்தையும் சேர்த்துச் சொன்ன அதிகாரம், 2023 ஆம் ஆண்டுப் பதிப்பில் பாரம்பரியத்தோடு நின்றுவிட்டது. கொரோனாக் காலத்தில் மாணவர் சுமையைக் குறைப்பதற்கென்று விலக்கிய பகுதி, பள்ளிகள் திறந்த பின்னரும் திரும்பவில்லை. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு அதனைக் கண்டித்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் இருந்ததே என்பர். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைக்கு அதனால் பயனில்லை. தமிழ்நாட்டு அரசின் பாடநூல் அப்பாடத்தை விலக்கவில்லை. ஆகவே ஒரே தெருவில், பாடத்திட்டம் வேறானதால், ஒரு பிள்ளை படித்ததை அடுத்த வீட்டுப் பிள்ளை படிக்காமற்போன நிலை வந்தது. முஸ்லிம் நாடுகளும் இதில் ஒரே வழியில் செல்லவில்லை. துருக்கி 2017 இல் பள்ளிப் பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்க முடிவு செய்தது. ஈரானும் பாகிஸ்தானும் அதைப் பாடமாக வைத்தே வந்துள்ளன.

ஏட்டில் இருப்பதெல்லாம் வகுப்பில் நடந்துவிடுவதில்லை. நம் வட்டாரம் விடுதிப் பள்ளிகளுக்கும் மதிப்பெண்ணுக்கும் பேர்போனது. பல சமயத்தாரும் பல சாதியாரும் அமர்ந்திருக்கும் வகுப்பில் எந்த வீட்டாரும் மனம் நோகலாகாதே என்று ஆசிரியர் அஞ்சுகிறார். முக்கிய வினாக்களுக்கு விடை எழுதிப்போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். அவர்மீது குறை சொல்வதற்கு முன், அறிவியற் பாடம் எந்தெந்த வீட்டைத் தொடுகிறது என்று பார்த்தல் நலம்.

முதலாவது கிரகணப் பாடம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, ஈரோடு, கரூர் வட்டாரங்களில் சூரியன் நெருப்பு வளையமாகத் தோன்றிற்று. சேலத்திலும் பெரும்பகுதி மறைந்தது. கிரகணத்தின்போது கர்ப்பிணிப் பெண்களை உள்ளே வைத்துக் கதவடைப்பதும், உலைவைக்காமல் இருப்பதும் இந்நாட்டில் நெடுங்கால வழக்கம். அது பிறர் வழக்கம் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. நம் வீடுகளிலும் பலவற்றில் அது நிலவுகிறது. ஹிஜ்ரி 10 ஆம் ஆண்டு, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர் இபுராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அக்குழந்தையின் மரணத்துக்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசினர். தம்மைப் பெருமைப்படுத்தும் அப்பேச்சை அண்ணலார் ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று திருத்தித் தொழுகைக்கு அழைத்தனர். துக்கத்திலும் உண்மையை விட்டுக்கொடாத அந்த நேர்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல், கதவை மட்டும் அடைக்கிறோம்.

இரண்டாவது, குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம் பாடம். தாயிடமிருந்து எக்ஸ் மட்டுமே வருகிறது. தந்தையிடமிருந்து எக்ஸோ ஒய்யோ வருகிறது. இவ்வளவே பாடம். ஆனால் அது எந்த மண்ணில் நடக்கிறது? பெண்சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 இல் முதன்முதல் தொடங்கப்பட்டது, நாமக்கல்லும் அன்று உள்ளடங்கியிருந்த சேலம் மாவட்டத்தில்தான். 2001 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர். பெண்ணைப் பெற்றவள்மீது பழி சுமத்தப்பட்ட ஊரில், அப்பழி பொய்யென்று காட்டும் பாடம் அது. உயிரோடு புதைக்கப்பட்ட பெண்குழந்தையிடம், எக்குற்றத்துக்காகக் கொல்லப்பட்டாய் என்று மறுமையில் கேட்கப்படும் எனத் திருமறை எச்சரிக்கிறது. எனவே இப்பாடம் நமக்கு இனிக்கிறது. ஆயினும், மூன்றும் பெண்ணாய்ப் போயிற்றே என்று மருமகளைச் சுடுசொல் கூறும் மாமியார் நம்மிலும் இல்லையா? மறுமணத்துக்கு அதையே காரணமாக்கும் ஆண்மக்கள் நம்மிலும் இல்லையா?

மூன்றாவதுதான் பரிணாமப் பாடம். இதற்கு நாமக்கல்லைவிடப் பொருத்தமான வகுப்பறை கிடைப்பது அரிது. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும் காட்டுக்கோழியின் வழிவந்தது, 300 முட்டைக்கு மேல் இடும் பண்ணைக்கோழி. தலைமுறைதோறும் மனிதன் தேர்ந்தெடுத்ததன் விளைவு அது. டார்வின் 1859 இல் வெளியிட்ட தம் நூலை வளர்ப்பு உயிரினங்களைக் கொண்டே தொடங்கினார்; புறாக்களை விரிவாக ஆராய்ந்து, புறா வளர்ப்பில் பெருவிருப்புக் கொண்ட நம் அக்பர் பாதுஷாவையும் அங்கே குறிப்பிட்டார். தேர்வு மனிதன் கையால் மட்டும் நிகழ்வதன்று. மருந்துக்கு மடியாத சில கிருமிகள் மிஞ்சுகின்றன, மிஞ்சியவை பெருகுகின்றன, பின்னர் அம்மருந்து பயனற்றுப் போகிறது. மனிதருக்கு இறுதிக் கட்டத்தில் கைகொடுக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த 2019 ஜூலையில் நடுவண் அரசு தடைவிதித்தது இவ்வச்சத்தால்தான். பரிணாமத்தை அறியாத பிள்ளைக்கு இத்தடையின் காரணம் விளங்காது. நாளை அவன் பண்ணை வைத்தாலும் மருத்துவனானாலும் அவ்வறியாமையின் விலையைப் பிறர் உயிர் கொடுக்க நேரும்.

ஆக, ஒவ்வொரு பாடமும் ஒவ்வொரு வீட்டைச் சுடுகிறது. பிறரைச் சுடும்போது "அறிவியல் வாழ்க" என்றும், நம்மைச் சுடும்போது "பாடத்தை விலக்குக" என்றும் கூறுவது நீதியாகுமா? அவரவர் வீட்டைச் சுடும் பாடத்தை நீக்கிக்கொண்டே போனால் அறிவியல் நூலில் அட்டைதான் மிஞ்சும். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் யாது? ‘சான்றுகளை அறிந்துகொள், அவற்றைக்கொண்டு எண்ணிப் பழகு’ என்று மாணவனிடம் கேட்க ஆசிரியருக்கு உரிமை உண்டு. ‘உன் ஈமானை வாசலில் விட்டுவிட்டு வா’ என்று கேட்க உரிமையில்லை. கோட்பாடு என்ற சொல் அறிவியலில் வெறும் ஊகத்தைக் குறிப்பதன்று. பல வகைச் சான்றுகளால் தாங்கப்பட்ட விளக்கத்தைக் குறிப்பது. இதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்வது அவர் கடமை. ஒரு மாணவன் ஆதம் (அலை) அவர்களைப் பற்றிக் கேட்டால், நகைத்து அவனை அடக்கலாகாது. "அது உன் மார்க்க அறிஞரிடம் கேட்க வேண்டிய கேள்வி, எலும்பும் பாறையும் மரபணுவும் கூறுவதை இங்கே படிப்போம்" என்று மதிப்போடு சொல்லலாம். இகழப்பட்ட பிள்ளை பாடத்தையும் சேர்த்தே வெறுக்கிறான்.

இதில் பெரியோர் காட்டிய வழி நமக்கு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘தஹாபுத்துல் ஃபலாஸிஃபா’வில் தத்துவவாதிகளைக் கடுமையாக மறுத்தவர்கள். அந்நூலின் முன்னுரையிலேயே கிரகணத்தை எடுத்துக்காட்டி, கணிதத்தால் நிறுவப்பட்டதை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்று எச்சரித்தார்கள். கணக்கைச் சரிபார்த்தவன் கணக்கை ஐயுறமாட்டான். மார்க்கத்தையே ஐயுறுவான் என்பது அவர்கள் கருத்து. எதிரியைவிட அறியாத நண்பனால் மார்க்கத்துக்கு வரும் கேடு பெரிது என்பதை ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் கண்டுகொண்டார்கள்.

மனிதனின் தோற்றம் குறித்து இன்றைய முஸ்லிம் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பிற உயிர்களில் பரிணாமத்தை ஏற்று, மனிதனை மட்டும் விலக்காகக் கொள்வோர் உளர். முழுதும் ஏற்போர் உளர். முழுதும் மறுப்போரும் உளர். அதனை இங்கே தீர்த்துவைக்க நாம் முற்படவில்லை. ஆனால் ஒன்றில் நமக்கு ஐயமில்லை. "எழுது, ஆனால் நம்பாதே, ஏன் என்று கேளாதே" என்னும்போது நாம் பிள்ளைக்குக் கற்பிப்பது இரட்டை நாக்கை. ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றும் பேசி மதிப்பெண் பெறலாம் என்று பதினைந்து வயதில் கற்றவன், அப்பழக்கத்தை அறிவியல் பாடத்தோடு நிறுத்திக்கொள்வானா? வியாபாரத்திலும் சாட்சியத்திலும், ஏன், தொழுகையிலும் அது அவனைத் தொடராதா? நயவஞ்சகத்தை மிகக் கடுமையாகக் கண்டித்த மார்க்கத்தைக் காப்பதற்கு நாம் அதையே கருவியாக்கலாமா?

ஆகவே நாளை மாலை அம்மகன் மீண்டும் கேட்பானாகில், அவனருகே அமர்ந்து நாமும் அப்பாடத்தைப் படிப்போம். "மெய்யாகவே படி, மகனே. நன்றாக விளங்கிக்கொள். உனக்கு எழும் ஐயத்தை ஆசிரியரிடமும் கேள், ஆலிமிடமும் கேள், என்னிடமும் கேள். எனக்குத் தெரியாததைத் தெரியாது என்பேன்" என்று சொல்வோம். பாங்கோசை கேட்டதும் நூலை மூடி வைத்துவிட்டு, தந்தையும் மகனுமாய்ச் சேர்ந்தே பள்ளிவாசலுக்குச் செல்வோம்.