கத்தியும் கருணையும்

பிறர் படும் துன்பத்தைப் பொறுக்கமாட்டாமையே தயை என்று சாஸ்திரம் கற்றோர் இலக்கணம் கூறுவர். அங்ஙனமாயின், இறந்த பசுவின் உடலைக் கத்தியால் பிளந்து, குடலையும் நிணநீர்க் கணுக்களையும் கலங்காமல் ஆராய்பவனைத் தயையுடையவன் எனலாமோ? கால்நடைகளின் நோய்க்குறியியலைத் தொழிலாகக் கொண்டோரைப் பற்றி எழும் வினா இது. ஒருவருடைய வாழ்க்கையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வால்ட்டர் பிளௌரைட் 1923-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1944-ல் லண்டனில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் எதிர்த்து நின்றது மாட்டு வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் என வளர்ந்து மந்தைகளையே மாய்த்த நோய் அது. 1888-ஐ ஒட்டி எத்தியோப்பியாவில் அது பரவியபோது மாடுகளில் பத்தில் ஒன்பது மாண்டன என்பர். உழுவதற்கு எருதின்றி மக்களும் பஞ்சத்தில் மடிந்தனர்.

கென்யாவிலுள்ள முகுகா ஆய்வுக்கூடத்தில் பிளௌரைட்டும், உடன் உழைத்த ஃபெரிஸும் அந்நோயின் வைரஸைக் கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் ஏறத்தாழ 90 முறை மாற்றி மாற்றி வளர்த்தனர். கொல்லும் வீரியம் அகன்று, காக்கும் ஆற்றல் எஞ்சியது. 1960-ஐ ஒட்டி இவ்வாறு தோன்றிய தடுப்பூசி, ஒருமுறை இட்டாலே பல்லாண்டு காத்தது. இந்தியாவில் 1995-க்குப் பின் வெக்கை நோய் காணப்படவில்லை. 2011-ல் அது உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் அடியோடு ஒழிந்த நோய்கள் பெரியம்மையும் இதுவுமே. அவ்வறிவிப்பைக் கேட்கப் பிளௌரைட் இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

துடிக்கும் கன்றைத் தடவிக் கொடுப்பதும் தயையே. ஆயினும் அந்தக் கை அடுத்த கன்றைக் காவாது. இறந்தது எதனால் இறந்தது என்று கேட்பவனே இருப்பதைக் காக்க வல்லவன். நீர் நிறைந்த கண்ணுக்கு நுண்ணிய பொருள் புலப்படாது. ஆகவே அவன் கலங்காமை கல்நெஞ்சம் ஆகாது.

ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. அவ்வாராய்ச்சிக்குக் கன்றுகளின் உயிரும் விலையாயிற்று. காப்பாற்றப்பட்டவை கோடியாயினும் அவ்வுயிர்கள் கணக்கினின்று நீங்கிவிடுவதில்லை. கத்தி ஏந்துபவன் அதனைக் கடனாகவே கருதி, தேவைக்கு மேல் ஓர் உயிரையும் வருத்தாதிருத்தல் வேண்டும். அக்கடனை மறந்த நாளிலேதான் கலங்காமை கொடுமையாக மாறுகிறது.

திருவிழா சேவித்து ஊர் திரும்பும் அன்பர்கள், வழியில் மேயும் மாடுகளைக் காணும்போது, அவற்றுக்கு வாராதொழிந்த நோயையும் எண்ணிப் பார்ப்பார்களாக. வந்த துன்பத்தைத் தீர்த்தவருக்கு நன்றி சொல்வோர் பலர். வாராமற் காத்தவரை நினைப்போர் சிலரே.