இறுக்கினால் அடங்குமா?

பாரிஸின் லா சப்பலிலிருந்து வடக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருக்கிறது வில்லியே லே பெல். கடைக்குச் சரக்கு எடுக்க, மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போக, சொந்தக்காரர் வீட்டு நன்மை தீமைக்குத் தலைகாட்ட என்று ஈழத் தமிழர்களான நம்மவர்களின் கார்கள் நாள் முழுக்க அந்த வழியில் ஓடுகின்றன. நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு போகும் கார், குடியிருப்புத் தெருவுக்குள் இறங்கியதும் வேகத்தடைகளில் ஏறி இறங்க வேண்டும். கம்பனி பூட்டி அனுப்பிய ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வேறொன்றை வாங்கிப் பூட்டுகிறவர் பலர் முதலில் செய்வது அதைக் கடைசிவரை இறுக்குவதுதான். இறுகினால் கார் சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறார்கள். நம் சமயப் பேச்சிலும் இதே நம்பிக்கை குடிகொண்டிருக்கிறது. செத்த வீட்டில் "மனதைக் கல்லாக்கிக்கொள்" என்கிறோம்; எதற்கும் அசையாதவரைப் பக்குவப்பட்டவர் என்கிறோம். இறுக்கத்தைப் பக்குவம் என்று எடுத்துக்கொள்வது காரிலும் தவறு, ஆன்மிகத்திலும் தவறு என்பது என் வாதம். சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்று எதைச் சொல்கிறது என்பதை இந்தச் சின்ன இயந்திரத்தை வைத்துத் தெளிவாகவே பார்க்கலாம்.

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். மேட்டில் சுருங்கும் ஸ்பிரிங், வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தந்துவிடும். அதைத் தனியே விட்டால் ஒரு மேட்டுக்குக் கார் பல தடவை குதிக்கும். ஷாக் அப்சார்பர் அந்தக் குதிப்பை அடக்க வந்தது. அதன் குழாய்க்குள் எண்ணெயும், பிஸ்டனும், பிஸ்டனில் சிறு துளைகளும், அவற்றை மூடித் திறக்கும் மெல்லிய தகடுகளும் உண்டு. பிஸ்டன் நகரும்போது எண்ணெய் நெருக்குண்டு துளைவழியே பாய்கிறது. துள்ளலின் ஆற்றல் சூடாகி வெளியே போய்விடுகிறது. மோசமான சாலையில் நெடுநேரம் ஓடி நின்ற காரில் அந்தக் குழாயைத் தொட்டால் சூடு தெரியும். இறுக்கத்தை மாற்ற, பல வகைகளில் தண்டின் உச்சியில் ஒரு திருகு இருக்கும். கைதேர்ந்த மெக்கானிக் அதை முதலில் ஒரு கோடிவரை திருப்பிவிட்டு அங்கிருந்து ஒவ்வொரு சொடுக்காக எண்ணித் திருப்புவார். இடப்பக்கத்துக்கு எத்தனையோ வலப்பக்கத்துக்கும் அத்தனை. பிறகு அதே சாலையில் ஓட்டிப் பார்த்து, முன்சக்கரமா பின்சக்கரமா, ஒன்றை மட்டும் மாற்றுவார். இவ்வளவு நிதானம் ஏன் என்றால், அடக்க வேண்டிய அசைவு இரண்டு வகை. காரின் உடல் வினாடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை மெதுவாக ஆடும். சக்கரமோ வினாடிக்குப் பத்து, பதினைந்து தடவை துடிக்கும். பெரிய ஆட்டத்தை அடக்க இறுக்கம் உதவும். ஆனால் சாலையின் சிறு சொரசொரப்பு வேகமாக வந்து மோதும்போது அதே இறுக்கம் அதிர்வை உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்புவரை கடத்திவிடும். அளவு மீறினால் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். தரையை விட்ட சக்கரத்துக்குப் பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது. காரைக் கைக்குள் வைக்க இறுக்கியவர் காரைக் கைவிட்டிருப்பார்.

இன்னொரு நுட்பமும் உண்டு, என் வாதத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. இவ்வகை ஷாக் அப்சார்பர் பலவற்றில் அந்தத் திருகு மாற்றுவது சுருக்கத்தை அன்று, விரிவை மட்டும். மேட்டில் மோதும் அடி வந்தே தீரும். அடிபட்ட ஸ்பிரிங் திரும்பி எப்படி எழ வேண்டும் என்பதே நம் கையில் இருப்பது. சித்தாந்தம் வினையைப் பகுப்பதும் இந்த இடத்தில்தான். சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போது விருப்பாலும் வெறுப்பாலும் புதிதாக ஏறுவது ஆகாமியம். பிராரத்தத்தை யாரும் தள்ளிவிட முடியாது. ஆகாமியம் அப்படி இல்லை; வந்த இன்பத்தையும் துன்பத்தையும் நாம் வாங்கிக்கொள்ளும் விதத்தில் அது பிறக்கிறது. நல்வினையும் தீவினையும் ஒரே வலிமையோடு எதிர்ப்பட்டு ஒன்றையொன்று தடுத்து நிற்பதே இருவினையொப்பு என்று கொண்ட ஆகம உரைமரபும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மாபாடியம் என்ற உரையை எழுதிய சிவஞான முனிவரோ, இரண்டின் பயனையும் உயிர் ஒரே மாதிரி பற்றின்றி நோக்குவதையே ஒப்பு என்று கொண்டார். எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது. முதல் விளக்கத்தில் ஒப்பு என்பது வினைகளுக்குள் நடக்கும் கணக்கு, உயிருக்கு அதில் வேலையில்லை. முனிவர் விளக்கத்தில் அடி அடியாகவே இருக்கிறது, மாறுவது எதிர்வினை.

எதற்கும் கலங்காதவர்களைத்தானே நூல்கள் போற்றுகின்றன என்று ஒருவர் கேட்கலாம். போற்றுகின்றன. ஆனால் யாரை, எப்படி? பெரியபுராணத்து அப்பர் நீற்றறையில் ஏழு நாள் கிடந்தும் அஞ்சவில்லை. கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் கலங்கவில்லை. அதே அப்பரைக் கோயில் வாசலில் கண்ணீர் பெருக நிற்பவராகவும், கயிலைக்குப் போகும் ஆசையில் கையும் காலும் தேயத் தவழ்ந்து போனவராகவும் சேக்கிழார் காட்டுகிறார். சுந்தரர் பார்வை இழந்தபோது ஊர் ஊராகப் போய் இறைவனிடமே சண்டை பிடித்தார். அந்தப் பாடல்களை நம் மரபு ஒளித்துவைக்கவில்லை, திருமுறையில் சேர்த்து ஓதுகிறது. உணர்ச்சி வற்றிப்போவதுதான் பக்குவம் என்றால் இந்த இருவருக்கும் அறுபத்துமூவரில் இடமே இருந்திருக்காது.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. 2009 மே மாதத்தில் ஈழப் போர் முடிந்தபோது உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் வாழும் வீடுகள் நம்முடையவை. அவர்களிடம் ஒப்பு நிலை பற்றிப் பேசுவது, மறந்துவிடு என்று சொல்வதாகாதா? ஆகாது. ஷாக் அப்சார்பர் மேட்டை இல்லாமல் செய்வதில்லை. அடியின் ஆற்றலும் மறைந்துபோவதில்லை. சூடாக எங்காவது வெளியேறியே ஆக வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் இதைத் தத்துவமாகப் பேசாமலே சடங்கில் வைத்திருக்கிறார்கள். செத்த வீட்டுக்குப் பின் எட்டுச் சடங்கு. 31ஆம் நாள் அந்தியேட்டி. ஆண்டு முடிவில் ஆட்டைத் திவசம். பிறகு வருடத்துக்கு ஒருமுறை. இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. துக்கத்துக்கு நாள் குறித்து, கூடி அழ ஆள் வைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்க விடும் ஏற்பாடு இது. உடல்கூடக் கிடைக்காதவர்களுக்கு அந்த ஒழுங்கு மறுக்கப்பட்டது. மே 18இல் பாரிஸில் கூடி விளக்கேற்றுவதை அரசியல் என்று மட்டும் பார்ப்பவர்கள், போக வழியில்லாத சூடு உள்ளே என்ன செய்யும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறுகிப் போனவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய அடியைத் தாங்க அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அது. ஆனால் காரில் நடப்பது இங்கும் நடக்கிறது. போரையும் அகதி வழக்கையும் அசையாமல் கடந்த ஒருவர், பிள்ளை பிரெஞ்சில் பதில் சொன்னாலே வெடிக்கிறார், ஒரு மதிப்பெண் குறைந்தால் வீடே அதிர்கிறது. பேரலைக்கு என்று வைத்த இறுக்கம் சிறு சொரசொரப்பை எல்லாம் அப்படியே கடத்துகிறது, அதை வாங்குவது பின்னிருக்கையில் இருப்பவர்கள். 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோயன் 2சிவி காருக்கு, உழுத நிலத்தில் ஓடினாலும் கூடையில் உள்ள முட்டை உடையக்கூடாது என்பது இட்ட நிபந்தனைகளில் ஒன்று. எவ்வளவு வேகம் என்று மட்டும் பார்க்காமல், ஏறியிருப்பது முழுசாகப் போய்ச்சேருமா என்றும் கேட்ட கேள்வி அது. துள்ளலை மிகச் சீக்கிரம், ஒருமுறைகூட மறுபக்கம் மீறாமல் நிறுத்தும் அளவைப் பொறியியலாளர் 1 என்று குறிப்பார்கள். அதை அறிந்தும் சாதாரணப் பயணக் கார்களுக்கு அவர்கள் ஏறத்தாழ 0.2 முதல் 0.4 வரைதான் வைக்கிறார்கள். கொஞ்சம் ஆடட்டும் என்று தெரிந்தே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் முன்னால் அழுதுவிடும் தகப்பனையும் தாயையும் பலவீனமானவர்கள் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

கடைசியாக, இயந்திரம் தன் திருகைத் தானே திருப்புவதில்லையே, மனிதனின் திருகைத் திருப்புவது யார் என்ற தடை. இது உண்மையான தடைதான். உவமை இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. முயன்றால் எல்லாம் முடியும் என்று சித்தாந்தம் சொல்வதில்லை. உயிர் தானாக அறியாது, சார்ந்ததன் வண்ணமாகும் என்கிறது. சினத்தைச் சார்ந்தால் சினம், அடியார் கூட்டத்தைச் சார்ந்தால் அவர் இயல்பு. இருவினையொப்பு வாய்க்கும் பக்குவத்தில் அருள் பதிகிறது என்றும், அந்தப் பக்குவத்துக்குக் கொண்டுவருவதும் அருளே என்றும் அது ஒரே மூச்சில் சொல்வதை முரண்பாடு என்று சிலர் தள்ளுவார்கள். எனக்கு அது அனுபவத்துக்கு நெருக்கமாகப் படுகிறது. துக்கத்திலிருந்து நானே கையூன்றி எழுந்தேன் என்று யாராலும் முழு மனதோடு சொல்ல முடியாது. சோறு கொண்டுவந்தவர்கள், பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள், தேவாரம் படித்தவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நம்மால் முடிவது எதைச் சார்ந்திருக்கிறோம் என்று பார்ப்பது. வில்லியே லே பெல்லில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால், கல்லாக்கிக்கொள் என்று சொல்லி அரைமணி நேரத்தில் எழுந்து வருவதைவிட, அந்தியேட்டிவரை அங்கே போய்வந்துகொண்டிருப்பது சைவத்துக்கு நெருக்கமான செயல்.