குழு அறிந்தது யாருடைய அறிவு?

ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்கிறார்கள். ஒருவர் பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்கிறார், ஒருவர் சோதனை செய்கிறார், ஒருவர் கணக்குப் போடுகிறார், ஒருவர் எழுதுகிறார், ஒருவர் மேடையில் பேசுகிறார். மதிப்பெண் ஐவருக்கும் ஒன்றுதான். அந்த ஆய்வு கண்ட முடிவை இவர்களில் யார் அறிந்திருக்கிறார்? கல்லூரி நிர்வாகம் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறைச் சிக்கல் போல இது தெரியலாம். ஆனால் பிறர் வழியாக வந்த அறிவு எப்போது நம்முடையதாகிறது என்று நம் தத்துவ மரபு நெடுங்காலம் வாதாடிய கேள்விதான் இது. கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் முதல் ராஜபாளையத்துக் கல்லூரிகள் வரை, இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வு கற்பிக்கும்போது இக்கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறபோதுதான் ஓர் அறிவு ஒருவருக்குச் சொந்தமாகிறது என்பது என் வாதம். குழு வேலை அந்தப் பொறுப்பை ஒவ்வொருவர் மீதும் முழுதாக ஏற்ற வேண்டும். ஐந்தாகக் கூறு போட்டுக் கரைத்துவிடக் கூடாது.

அறியும் வழிகளைச் சைவ சித்தாந்தம் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (பிறர் சொல்லை ஏற்பது) என மூன்றாகச் சொல்கிறது. சக மாணவர் சொல்வதைப் போலவே இணையவழி வகுப்பும் இவற்றில் உரையைச் சேர்ந்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல், 2017இல் வந்த ஸ்வயம் ஆகிய இணையவழிப் பாடத் தளங்களால், மில் தொழிலாளி வீட்டுப் பெண் ஒரு கைப்பேசியில் நாட்டின் தலைசிறந்த ஆசிரியர்களைக் கேட்கிறாள். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் அனுமதித்ததும் நல்லதே. ஆனால் உரையை ஏற்பவர் அதைச் சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மணிமேகலை வஞ்சி நகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரையும் கேட்கிறாள். கேட்டதற்காக எதையும் ஏற்கவில்லை. காஞ்சியில் அவள் நோன்பு ஏற்பதற்கு முன்பே அவளுடைய குரு அறவண அடிகள் அவளுக்கு அளவையை, அதாவது தர்க்கத்தை, கற்பிக்கிறார். எந்த ஏது (காரணம்) செல்லும், எது போலி என்று நெடுநேரம் விளக்குகிறார். துறவுக்கே தர்க்கம் வாசலாக வைக்கப்பட்டிருக்கிறது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பச்சைப் பருத்தி நூலில் இயற்கையான மெழுகு உண்டு. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்த பிறகே துணி நீரை உறிஞ்சும். இதை ஒரு வீடியோ பத்து நிமிடத்தில் சொல்லிவிடும். மாணவர் குழு ஒன்று வெவ்வேறு சரக்கிலிருந்து துண்டுகள் வெட்டி, நீரில் போட்டு, எத்தனை நொடியில் மூழ்குகிறது என்று பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு மட்டும் மிதக்கிறது. வேகவைத்தது போதவில்லையா? வெட்டியவர் கையில் எண்ணெய் இருந்ததா? உரையைக் கடந்து காட்சிக்கும் கருதலுக்கும் மாணவர் வந்து சேரும் இடம் இதுதான். சோதனை செய்தவர் அந்தத் துண்டை ஏதோ கைத்தவறு என்று ஒதுக்கிவிடுகிறார். கணக்குப் போடுபவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. சராசரி அழகாக வருகிறது. எழுதுபவர் அழகாக எழுதுகிறார். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் அறிக்கை பொய். வேலை கைமாறும் இடத்தில் உண்மை தொலைந்துபோனது.

ஆசிரியர் சொல்லில் நம்பிக்கை வைப்பதல்லவா நம் மரபு, கேள்வி கேட்கப் பழக்குவது மேற்கத்திய வழக்கம்தானே என்று சிலர் கேட்கலாம். இதே வட்டாரத்து ஸ்ரீவில்லிபுத்தூரின் வரலாறே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அவ்வூர்ப் பெரியாழ்வார் நூல் பல கற்றுப் புலவரானவர் அல்லர். நந்தவனம் வைத்து மாலை கட்டியவர். பரம்பொருள் யார் என்ற ஞானம் அவருக்கு இறைவன் அருளியது என்றே வைணவ குருபரம்பரை சொல்கிறது. ஆனால் அருள் பெற்றவர் வீட்டில் இருந்துவிடவில்லை. மதுரையில் பாண்டியன் வல்லபதேவன் சபைக்குப் போய், மாற்றுக் கருத்துடையவர்கள் முன் வாதிட்டு நிறுவிய பிறகே, பரிசாகத் தொங்கவிட்டிருந்த பொற்கிழி தாழ்ந்து வந்தது. அருளால் வந்த அறிவுக்கே சபையில் பதில் சொல்லும் கடமை உண்டென்றால், வீடியோவில் வந்த அறிவுக்கு விலக்குக் கேட்க முடியாது.

அந்த ஊரின் ஆண்டாளோ குழுவுக்கே ஓர் இலக்கணம் தருகிறாள். திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறு முதல் பதினைந்து வரை பத்துப் பாசுரங்கள் தூங்குகிற தோழியரை எழுப்புவதிலேயே போகின்றன. விழித்தவர்கள் மட்டும் போய் நோன்பை முடித்துவிட்டு எல்லோர் பெயரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பதினைந்தாம் பாசுரம் உள்ளே இருப்பவளுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் நடக்கும் வாக்குவாதம். பிறர் சாட்டும் குற்றத்தை மறுக்காமல் தன்மேல் ஏற்றுக்கொள்வதே வைணவரின் அடையாளம் என்று உரைகாரர்கள் அங்கே பொருள் காண்கிறார்கள். நன்னூலும் துணைக்கு வருகிறது. ஆசிரியரிடம் கேட்பதால் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதால்தான் மீதி அரை என்பது அதன் கணக்கு. இணைய வகுப்பு தருவது முதல் கால் பங்கை. மற்ற முக்காலும் குழுவில் இருக்கிறது. வேலையைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்காரும் குழுவில் அது கிடைக்காது.

வலுவான மறுப்பு அறிவியலிலிருந்தே வருகிறது. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015இல் வெளியான கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் எவரும் எல்லாவற்றையும் அறிந்திருக்க முடியாது. ஜான் ஹார்ட்விக் என்ற தத்துவ அறிஞர் 1985இலேயே, நவீன ஆய்வில் ஒருவரை ஒருவர் நம்பாமல் அறிவே இல்லை என்று வாதிட்டார். அதை நான் ஏற்கிறேன். ஆனால் நம்புவதற்கும் காரணம் வேண்டும்: அவர் எப்படி அளந்தார், எதை ஒதுக்கினார், ஏன் ஒதுக்கினார் என்று கேட்டறிந்து வைக்கும் நம்பிக்கை வேறு, கேட்காமலே கையெழுத்திடுவது வேறு. மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2013இல் ஒரு விதி சேர்த்தது. கட்டுரையில் பெயர் போடுகிறவர், அதன் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அது முறையாக விசாரிக்கப்பட்டுத் தீர்வதற்குப் பொறுப்பேற்க வேண்டும். மேலும், ஐந்து பேர் குழு ஐயாயிரம் பேர் குழு அல்ல. மிதந்த துண்டைப் பற்றி ஐவரும் ஒரு மாலையில் உட்கார்ந்து பேசிவிடலாம்.

உழைத்தவருக்கும் உழைக்காதவருக்கும் ஒரே மதிப்பெண் அநியாயம் என்ற குறையும் நியாயமானது. பங்களிப்புப் பட்டியல் கேட்டு வாங்குவதால் அது தீராது. பட்டியல் பிரிவினையை இன்னும் உறுதியாக்கும். வாய்மொழித் தேர்வில் யாரிடம் எந்தப் பகுதியையும் கேட்கலாம், ஒருவர் தடுமாறினால் ஐவருக்கும் குறையும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அப்போது தூங்குபவரை எழுப்புவது மற்றவர்களின் வேலையாகிவிடும். எழுப்பியும் வராதவரைப் பற்றி இடையிலேயே ஆசிரியரிடம் சொல்ல வழியும் இருக்க வேண்டும். இல்லையேல் இது கொடுமை. இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். அறுபது பேர் வகுப்பில் பன்னிரண்டு குழுக்கள். குழுவுக்குக் கால் மணி என்றால் மூன்று மணி நேரம். பாடம் சொல்லும் வேலையை வீடியோவுக்கு விட்ட பிறகு மிச்சமாகும் வகுப்பு நேரத்தில் இந்த மூன்று மணியை எடுத்துக்கொள்ளலாம்.