படத்தின் மூலையில் ஒரு பெயர்

தமக்குப் பிடித்த ஓவியரைப் பிள்ளைக்கும் அறிமுகப்படுத்த விரும்பும் பெற்றோர், அதற்கு அருங்காட்சியகமோ விலை உயர்ந்த ஓவிய நூலோ வேண்டும் என்று எண்ணிக் காத்திருக்கின்றனர். திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் பிள்ளையின் கண் முதன்முதலில் ஓவியத்தைச் சந்திப்பதோ பூஜை அறைச் சுவரிலும் கோபுரத்தை ஒட்டிய சாமி படக் கடைகளிலும்தான். அப்படங்களைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கற்றுத்தரும் வீடுகள் பல. அவற்றை ஒரு மனிதர் வரைந்தார் என்று சொல்லித்தரும் வீடுகள் மிகச் சில.

அவ்வாறு வரைந்தவர்களுள் முதன்மையானவர் சி. கொண்டையா ராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற அவர், துறவு நாட்டத்தால் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் அருகில் சில காலம் வாழ்ந்து, பின்னர் நாடகக் குழுவில் படுதா எழுதுபவராகி, இறுதியில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். படுதா என்பது அரண்மனை, காடு, தர்பார் முதலிய காட்சிகள் எழுதப்பெற்று மேடையின் பின்புறம் தொங்கும் பெருந்துணியாகும். அந்தப் பயிற்சியின் தடம் அவருடைய நாட்காட்டிப் படங்களில் தெளிவாகத் தெரிகிறது: தெய்வம் முன்னால் நிற்க, பின்னால் தூண்களும் நீர்நிலையும் மலையும் படிப்படியாகச் சிறுத்துச் சென்று, தட்டையான தாளில் ஆழத்தைத் தோற்றுவிக்கின்றன. அருகிலிருந்த சிவகாசி அச்சகங்கள் அவற்றைப் பெருக்கித் தென்னாட்டு வீடுகளுக்கெல்லாம் கொண்டுசேர்த்தன.

இவற்றைப் பிள்ளைக்குப் பாடமாக ஒப்பிக்க வேண்டியதில்லை. முருகனின் முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று கேட்டால், பிள்ளை கன்னத்தையும் நகையையும் ஆடையின் மடிப்பையும் தானே தேடிப் பார்க்கும். ஓவியர்கள் ஒளிநிழல் என்று குறிப்பிடும் நுட்பம், அதாவது வெளிச்சத்தையும் நிழலையும் கொண்டு உருவத்துக்குத் திரட்சி தரும் முறை, பெயர் தெரியாமலேயே அதற்குப் பிடிபட்டுவிடும். சில பிள்ளைகள் எல்லாச் சாமிக்கும் ஒரே முகம் என்று குறைகூறும்போது, தம் ரசனையையே குறைகூறியதாகக் கருதிப் பெற்றோர் வருந்துவதுண்டு. அந்தக் குறையில் உண்மை இருப்பதால் அதை மதித்துப் பேசுவதே முறை. எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்த ஆயுதம், எந்த வாகனம் என்று வகுத்துரைக்கும் படிமவியல் தெய்வங்களை அடையாளங்களால் பிரித்துக்காட்டுவதால், முகத்தில் வேறுபாடு குறைந்தாலும் வணங்குபவர் குழம்புவதில்லை. இந்த விளக்கத்திற்குப் பிறகும் பிள்ளை தன் கருத்திலேயே நின்றால் அது இழப்பாகாது. அன்பை அப்படியே கைமாற்றித் தர இயலாது, கூர்ந்து பார்க்கும் பழக்கத்தைத் தரலாம்.

வழிபடும் படத்தை ஓவியமாக ஆராய்வது பக்திக்குக் குறைவு என்ற தயக்கமும் பல வீடுகளில் உண்டு. துறவை நாடி மலையடிவாரத்துக்கு வந்தவரே மீண்டும் தூரிகையை எடுத்துத் தெய்வங்களை எழுதினார் என்பது அந்தத் தயக்கத்திற்குப் போதிய விடையாகும்.

டி.எஸ். சுப்பையா, டி.எஸ். அருணாசலம், எம். ராமலிங்கம் முதலிய மாணவர்களை உருவாக்கிய கொண்டையா ராஜு, சுப்பையாவோடு சேர்ந்து எழுதிய படங்களில் தம் பெயருடன் மாணவர் பெயரையும் இடம்பெறச் செய்தார். கலை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் விதத்தைப் பிள்ளைக்குக் காட்ட அந்த இரட்டைக் கையெழுத்தைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆயினும் கண்ணாடி உடைந்த, பூச்சி அரித்த பழைய படங்களை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வரும் வழக்கத்தால், இப்பெயர்கள் ஆண்டுதோறும் மழையில் கரைந்துகொண்டிருக்கின்றன. அவ்வாறு ஒரு படத்தை வீட்டைவிட்டு அனுப்புமுன், அதன் கீழ்மூலையைத் துடைத்துப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். கொண்டையா ராஜுவின் பெயர் இருந்தால், புதிய சட்டம் போட்டு மீண்டும் சுவரில் மாட்டுங்கள்.