கூச்சமும் பசியும்

1888-இல் சட்டம் படிக்க லண்டன் போன காந்தி, மேற்குக் கென்சிங்டனில் கணவரை இழந்த ஓர் அம்மாள் வீட்டில் தங்கினார். புலால் தொடாத இந்தப் பையனுக்கு எதைச் சமைப்பதென்று அவருக்குப் புரியவில்லை. சாப்பாடு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. மகள்கள் இருவரும் அன்போடு ஒன்றிரண்டு ரொட்டித் துண்டுகளைக் கூடுதலாக வைப்பார்கள். இவருக்கோ முழு ரொட்டி தின்னும் பசி. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். “போதும்” என்று இலையை மறைத்தாலும் பரிமாறும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, கேட்பது பிச்சைபோலத் தோன்றும். வெளிநாட்டுக் குடும்பத்தோடு தங்கப் போகிறவர்கள் இந்தக் கூச்சத்தைத்தான் முதலில் உதற வேண்டும், மொழியெல்லாம் அப்புறம். காந்தி கேட்கவில்லை. தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்தார்.