பொம்மையின் பெறுமதி

ஒரு பொருளின் பெறுமதி எதிலே தங்கியுள்ளது என்னும் வினா பொருளியலாளருக்கு மட்டும் உரியதன்று. எதனைப் போற்றுவது, எதனைக் கைவிடுவது என மனிதன் தீர்மானிக்கும் ஒவ்வொரு வேளையிலும் அது அறவியல் வினாவாகவும் எழுகின்றது. துறைமுக நகரங்களில் வாழ்வோர் இவ்வினாவுக்கு மிக அண்மையில் வாழ்பவர்கள் எனலாம். துறைமுகத்திலே பொருள்கள் வந்திறங்குகின்றன. வந்திறங்கிய பொருள் இன்னதெனப் பெயரிடப்படுகின்றது. இவ்வளவு பெறுமென மதிக்கப்படுகின்றது. அதன் பின்னரே அது ஊருக்குள் நுழைகின்றது.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், அங்கு சுங்கம் கொள்வோர் பண்டங்கள்மீது சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்தமையைப் பட்டினப்பாலையிற் கூறுகின்றார். அதே பாட்டில் இன்னொரு காட்சியும் உண்டு. முற்றத்தில் உலரும் உணவைக் கவரவந்த கோழியைத் துரத்துதற்குப் பெண்கள் தம் காதிலணிந்த கனத்த குழையைக் கழற்றி எறிகின்றனர். நிலத்திற் கிடக்கும் அக்குழை, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிவரும் மூன்று சில்லுச் சிறுதேரின் வழியை மறிக்கின்றது. நகரின் செல்வச் செழிப்பைக் காட்டுதற்கே புலவர் இதனைக் கூறினார் என்பது வெளிப்படை. எனினும் சிறுவனின் பக்கம் நின்று நோக்கின், சந்தையில் விலைமிக்க அணிகலன் அவனுக்கு வழியிற் கிடக்கும் ஒரு கல்லே. உருளும் தேரே அவனது செல்வம். சுங்கச் சாவடியும் சிறுதேரும் ஒரே துறைமுகத்தில், ஒரே பாட்டில் இடம்பெறுகின்றன. ஆயினும் பொருளை அளக்கும் கோல் இரண்டிடத்தும் ஒன்றன்று.

சித்திரக்கதைகளிலும் கார்ட்டூன் படங்களிலும் வரும் நாயகர்களின் வடிவில் வார்க்கப்பட்டு, கைகால் மூட்டுக்கள் அசையத்தக்கனவாய் விற்கப்படும் உருவப் பொம்மைகள், இவ்விரு அளவுகோல்களும் மோதும் களமாக இன்று அமைந்துள்ளன. ஈழத்துத் தமிழ்ச் சிறுவர்க்கு இந்நாயகர்கள் புதியவர்களல்லர். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரித்தானியச் சித்திரக்கதை நாயகனொருவனை இரும்புக்கை மாயாவி என்ற பெயரிலே தமிழ் பேசவைத்தது. 1977இல் இலங்கை திறந்த பொருளாதாரக் கொள்கையை மேற்கொண்ட பின்னர் பிறநாட்டுப் பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருள்களும் பெருகின. இன்று திருகோணமலைக் கோயில்களின் திருவிழாக் காலத்திலே வீதியோரம் பரப்பப்படும் கடைகளில் சிலந்தி மனிதனும் வௌவால் மனிதனும் மெல்லிய உறைகளுக்குள் தொங்குகின்றனர். அவை மலிவானவை, ஒரு திருவிழாவுக்கு வாங்கப்பட்டு அடுத்த திருவிழாவுக்கு முன் உடைந்துபோகின்றவை. அதே நாயகர்களின் பழைய உருவங்களோ உலகச் சந்தையிலே சேகரிப்போரிடையே பெருந்தொகைக்குக் கைமாறுகின்றன. இவற்றை மதிப்பிடுவோர் மூவர்: சுங்க அதிகாரி, சேகரிப்போன், குழந்தை. இம்மூவருள் எவருடைய மதிப்பீடு பொருளின் உண்மைக்கு நெருங்கியது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதலிற் சுங்கத்தின் மதிப்பீட்டை நோக்கலாம். இப்பொம்மைகளின் வரலாறே ஒரு பெயர்ச் சிக்கலுடன் தொடங்குகின்றது. 1964இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் ஜீ.ஐ. ஜோ என்னும் போர்வீரன் உருவை வெளியிட்டபோது, பொம்மை எனக் கூறின் ஆண்பிள்ளைகள் வாங்கார் எனக் கருதி, ‘அக்‌ஷன் ஃபிகர்’, அதாவது செயல் புரியும் உருவம், என்ற பெயரைக் கையாண்டது. கடையிலே பயன்பட்ட அப்பெயர் சுங்கத்திலே செல்லுபடியாகவில்லை. அமெரிக்கச் சட்டத்திற் பொம்மைக்கு ஒரு வரியும் ஏனைய விளையாட்டுப் பொருளுக்கு இன்னொரு வரியும் இருந்தன. 1989இல் அந்நாட்டின் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஜீ.ஐ. ஜோவும் பொம்மையே எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் மார்வெல் சித்திரக்கதைகளில் வரும் எக்ஸ்-மென் உருவங்களை இறக்குமதி செய்த டோய் பிஸ் நிறுவனம் வேறொரு வாதத்தை முன்வைத்தது. மனிதரைக் குறிக்கும் உருவே பொம்மை, எக்ஸ்-மென் மனிதரல்லர், ஆகவே அவ்வுருவங்கள் பொம்மைகளல்ல என்பதே அவ்வாதம். பொம்மைக்குரிய வரி 12 சதவீதம், மற்றையதற்குரியது 6.8 சதவீதம். 2003இல் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது.

இத்தீர்ப்பின் முரணைக் கதையறிந்தோர் எளிதில் உணர்வர். 1963இல் தொடங்கிய எக்ஸ்-மென் கதையின் உள்ளீடு யாதெனில், பிறப்பால் வேறுபட்ட ஆற்றல் பெற்றமையால் மனித இனத்தார் அல்லரென ஒதுக்கப்படுவோர், தாமும் மனிதரேயென நிலைநாட்டப் போராடுவதாகும். அக்கதையை விற்று வாழும் வணிகமே 5.2 சதவீத வரி வேறுபாட்டின் பொருட்டு அவர்கள் மனிதரல்லர் என மன்றில் வாதிட்டது. சட்டத்தின் நோக்கில் அதிற் பிழையில்லாதிருக்கலாம். ஆனால் ஒரு பொருளை இன்னதென வகுப்பதே மதிப்பீட்டின் முதற்படி என்பதும், வகுப்போரின் நலன் அவ்வகுப்பினுள் எளிதாகப் புகுந்துவிடும் என்பதும் இவ்வழக்கினால் தெளிவாகின்றன. பதிவேட்டின் எந்தக் கட்டத்தினுள் தம் பெயர் எழுதப்படுகின்றது என்பதனால் வாழ்வே மாறக் கண்ட ஒரு நாட்டினர்க்கு இது வெறும் வேடிக்கையாகத் தோன்றாது.

சேகரிப்போனின் மதிப்பீடு இதனினும் நுணுக்கமானது. உருவம் மூல அச்சிலே வார்க்கப்பட்டதா, நிறப்பூச்சு உரியாதுள்ளதா, மூட்டுக்கள் தளராதுள்ளனவா, துப்பாக்கியும் தலைக்கவசமும் போன்ற துணைப்பொருள்கள் குறையாதுள்ளனவா, வெளிவந்த தொகை அரிதா என அவன் ஒவ்வொன்றாக ஆராய்கின்றான். இவற்றுக்கெல்லாம் மேலாக, பெட்டி திறக்கப்படாதுள்ளதா என வினவுகின்றான். அமெரிக்காவிற் கட்டணம் பெற்றுப் பொம்மைகளை 100 புள்ளி அளவுகோலில் தரப்படுத்தி, கண்ணாடிபோன்ற பேழையினுள் இட்டு முத்திரையிட்டுக் கொடுக்கும் நிறுவனங்களும் உள்ளன. இவ்வளவுகோலின்படி எந்தக் குழந்தையின் கையும் படாத பொம்மையே தலைசிறந்தது. விளையாட்டின் ஒவ்வொரு தடமும் ஒரு குறையாகக் கழிக்கப்படுகின்றது.

பண்டைக் கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், ஒவ்வோர் உடைமைக்கும் இரு பயன்கள் உண்டென்று கூறி, செருப்பை உதாரணமாகக் காட்டினார். செருப்பை அணியலாம், பண்டமாற்றுச் செய்யவும் செய்யலாம். இரண்டும் செருப்பின் பயன்களே. எனினும் மாற்றுதற்கென்று செருப்பு உண்டாக்கப்படவில்லை. பயன்பெறுமதி, பரிமாற்றப் பெறுமதி எனப் பின்னர் கார்ல் மார்க்ஸ் விரித்துரைத்ததும் இவ்வேறுபாட்டையே. திறக்கப்படாத பெட்டியினுள் உள்ள பொம்மை இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்துவிட்ட ஒரு பொருள். விளையாடப்படாமையே அதன் விலைக்குக் காரணம். பயன் தொடங்கும் கணத்தில் விலை வீழ்கின்றது. மூட்டுக்கள் அசையவேண்டுமென எவனோ ஒரு தொழிலாளி பொருத்தினான்; அவை அசையாதிருந்ததற்காகப் பிறிதொருவன் பணம் கொடுக்கின்றான்.

இதனாற் சேகரித்தலே அறமற்றது என முடிவு செய்தல் அவசரமாகும். வோல்டர் பெஞ்சமின் போன்ற சிந்தனையாளர் பழைய விளையாட்டுப் பொருள்களைச் சேகரித்ததோடு அவைபற்றி எழுதியும் உள்ளார். பிறர் எறிந்துவிடும் பொருளில் ஒரு காலத்தின் வாழ்வைக் கண்டு காப்பவன் சமூகத்துக்குத் தொண்டு புரிபவனேயாவான். இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1987இல் தொடங்கப்பட்ட ஃபன்ஸ்கூல் நிறுவனம், ஹாஸ்புரோவின் உரிமம் பெற்று ஜீ.ஐ. ஜோ உருவங்களை இந்தியாவில் உற்பத்தி செய்தது. அவற்றுட் பல, அமெரிக்க மூலங்களிலிருந்து நிறத்திலும் உறுப்புச் சேர்க்கையிலும் மாறுபட்டிருந்தன. மூலத்தோடு ஒத்திருத்தலே அளவுகோலாயின் அவை பிழையானவை. ஆனால் அம்மாறுபாடே பின்னர் உலகெங்குமுள்ள சேகரிப்போரை ஈர்த்தது. இந்தியச் சிறுவர்களுக்கென உண்டான பொம்மைகளின் வரலாறு மறையாதிருப்பதற்கு அவர்களது ஆர்வமும் ஒரு காரணமாகும்.

மேலும், தொட்டு விளையாடாது வைத்துப் பார்த்தலும் நம் பண்பாட்டுக்கு அந்நியமன்று. நவராத்திரிக் கொலுவில் அடுக்கப்படும் பொம்மைகள் விளையாடுதற்குரியனவல்ல. ஆயினும் கொலுவைக் காண அயலார் அழைக்கப்படுகின்றனர், பாட்டுப் பாடப்படுகின்றது, அவலும் கடலையும் பகிரப்படுகின்றன. பொம்மைகள் மனிதரை ஒன்றுகூட்டுகின்றன. ஆகவே கைபடுதலும் படாமையும் இங்கு முடிவான அளவுகோலாகா. ஒரு பொருள் தன்னைச் சூழ்ந்த மனிதரோடு எத்தகைய உறவில் நிற்கின்றது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

திருகோணமலையின் வரலாறு இதற்குச் சிறந்ததொரு சான்று தருகின்றது. 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். 1950இல் நகரசபையினர் கிணறு தோண்டுவித்தபோது, புதையுண்டு கிடந்த சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள், பிள்ளையார் ஆகிய திருவுருவங்கள் வெளிப்பட்டன. தொல்பொருள் வணிகனொருவன் அவற்றைக் கண்டிருப்பின் காலம், உலோகம், கலைப்பாணி, சிதைவு ஆகியன கொண்டு விலை கூறியிருப்பான். ஊர் மக்களோ அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்று மீண்டும் கோயிலிலே எழுந்தருளச் செய்தனர். அபிடேக நீர் படப்பட உலோகம் தேயும் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். அவ்வுருவங்கள் எதற்காக வார்க்கப்பட்டனவோ அதற்கே திரும்பின. பொம்மையையும் தெய்வத் திருவுருவையும் சமமாக வைத்தல் ஈண்டு நோக்கமன்று. பயன்பாட்டினால் தேய்வதை இழப்பாகவன்றி நிறைவாகக் காணும் ஒரு மதிப்பீட்டு மரபு இம்மண்ணிலே உண்டு என்பதே கருத்து.

தொடாது காத்தால் பொருள் அழியாது என்னும் நம்பிக்கையும் ஆராயத்தக்கது. 1982இல் வெளிவரத் தொடங்கிய சிறிய ஜீ.ஐ. ஜோ உருவங்களின் மேலுடலையும் கால்களையும் இணைத்து நிற்பது உள்ளே பொருத்தப்பட்ட ஓர் இறப்பர் வளையமாகும். ஆண்டுகள் செல்ல இறப்பர் உலர்ந்து வெடிக்கும். பெட்டி திறக்கப்படாதிருந்தும் உள்ளிருக்கும் வீரன் இடுப்போடு இரண்டாகப் பிரிந்துவிடுவதுண்டு. வெண்பிளாஸ்ரிக் ஒளிபட்டு மஞ்சளாகும்; துறைமுக நகரின் உப்புக் காற்றிலே திருகாணி துருவேறும்; அட்டை ஈரம் உறிஞ்சி வளையும். விளையாடப்பட்ட பொம்மையும் அழிகின்றது, விளையாடப்படாத பொம்மையும் அழிகின்றது. முன்னையது ஒரு குழந்தைப் பருவத்தை உருவாக்கிவிட்டு அழிகின்றது. பின்னையது எதற்காக அழிந்தது என்ற கேள்விக்கு விலைப்பட்டியலன்றி வேறு விடையில்லை.

இனி, ஒருவரை எண்ணிக்கொள்வோம். திருகோணமலை மாவட்டத்து மக்கள் 1983இலும் 1990இலும் 2006இலும் வன்செயலாலும் போராலும் இடம்பெயர்ந்தனர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரக் குடியிருப்புக்களை அழித்தது. இவற்றுள் ஏதோவொன்றில் வீடிழந்த ஒருவரிடம், ஒரு கையற்ற, நிறம் உரிந்த, யாரென்று இனங்காணவும் இயலாத நாயகனின் உருவொன்று எஞ்சியிருக்கின்றதெனக் கொள்வோம். தரப்படுத்துவோனின் 100 புள்ளிகளில் அது அடிமட்டத்தில் நிற்கும். அதனை அவர் எவ்விலைக்கும் விற்கமாட்டார். இது வெறும் மனவுணர்ச்சி. பொருளின் பெறுமதியன்று என ஒருவர் மறுக்கக்கூடும். ஆனால் பெட்டி திறக்கப்படாமைக்குக் கொடுக்கப்படும் விலையும் மனிதரின் விருப்பத்தினாலன்றிப் பிளாஸ்ரிக்கின் இயல்பினால் எழுந்ததன்று. இரண்டும் மனிதரிடமிருந்தே பிறக்கின்றன. முன்னையது ஒரு வாழ்வு நடந்தமைக்குச் சாட்சி. பின்னையது இன்னொருவன் நாளை கூடுதலாகத் தருவான் என்ற எதிர்பார்ப்பு. சாட்சியை உணர்ச்சியென்று ஒதுக்கி, எதிர்பார்ப்பை மட்டும் பெறுமதியென ஏற்பதற்கு நியாயம் காட்டுதல் அரிது.

இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாடலாக நின்றுவிடக்கூடாது. மகனுக்கென வாங்கிய பொம்மையை, பின்னொருநாள் விலையேறுமென்று பெட்டியோடு அலுமாரியின்மேல் வைத்துவிடும் தந்தையர் எங்குமுண்டு. அங்ஙனம் வைக்கும்போது மகன் ஒரு விளையாட்டை மட்டும் இழக்கவில்லை. பொருளை விலையாகவே காணும் பாடத்தையும் கற்றுக்கொள்கின்றான். பொம்மையைக் கண்டவுடன் ‘இது என்ன செய்யும்?’ எனக் கேட்ட குழந்தை, ‘இது எவ்வளவு போகும்?’ எனக் கேட்கப் பழகுகின்றது. அவ்வாறு பழகிய கண் நாளை மனிதரையும் அதே கேள்வியோடு நோக்காது என்பதற்கு உறுதியில்லை.

ஆகவே மூவகை மதிப்பீடுகளுள் குழந்தையினுடையதே அடிப்படையானது எனலாம். பொம்மை எதற்காக உண்டானதோ அதனை அறிந்து மதிப்பிடுவது அது ஒன்றே. சேகரிப்போன் அப்பயனின் நினைவைக் காத்துப் பிறரோடு பகிரும்வரை மதிக்கத்தக்கவன். அதன் இன்மையையே பொருளாக விற்கத் தொடங்கும்போது அவன் காவலனென்ற தகுதியை இழக்கின்றான். சுங்கத்தின் மதிப்பீடு அரசுக்கு வேண்டியதே. எனினும் வரி விதிக்கும் ஏடு ஒரு பொருள் யாதென முடிவுசெய்யும் ஏடாகிவிடலாகாது. திருவிழாக் கடையில் வாங்கிய மலிவான நாயகன் அடுத்த திருவிழாவுக்குள் கையிழக்கலாம். அதற்குள் அவன் எத்தனை முறை உலகைக் காத்தான் என்பதை அவனை வைத்திருந்த குழந்தையிடமே கேட்டறிதல் வேண்டும்.